இலை மூடிய பாதையில் 21 கிலோமீட்டர்

கேள்வி இதுதான்: சாலையில் மூன்று அரை மாரத்தான் முடித்திருக்கிறீர்கள், சிறந்த நேரம் 2 மணி 5 நிமிடம். பத்து வாரம் கழித்து, இலையுதிர் காலத்தில், காட்டுக்குள் நடக்கும் 21 கிலோமீட்டர் டிரெயில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். மொத்த ஏற்றம் 800 மீட்டர். எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம், பயிற்சியில் எதை மாற்ற வேண்டும், புது ஷூ வாங்கத்தான் வேண்டுமா?

நேரம் பற்றிய பதில் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம். பாதை மோசமாக இருந்தாலோ முந்தின நாள் மழை பெய்திருந்தாலோ மூன்றே கால்.

எப்படி என்று கேட்பீர்கள். சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கம் பந்தயங்களை வகைப்படுத்த ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் தூரத்தில் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள். உங்கள் பந்தயத்துக்கு 21 கூட்டல் 8, ஆக 29. இது புதிய யோசனை ஒன்றுமில்லை. வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-லேயே நடப்பவர்களுக்காக ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். மீட்டரில் போட்டுப் பாருங்கள், 100 மீட்டர் ஏற்றம் என்பது கிட்டத்தட்ட 800 மீட்டர் சமதளத்துக்குச் சமம் என்று வரும். நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி, கணக்கு ஏறக்குறைய அதேதான். உங்கள் சாலை வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 55 விநாடி. அதை 29-ஆல் பெருக்கினால் 2 மணி 52 நிமிடம். வேர், கல், சேறு, வழிவிட ஒதுங்கி நிற்பது எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி தாண்டிவிடும்.

இன்னொன்று, 21 என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். சாலையில் அரை மாரத்தான் என்றால் 21.0975 கிலோமீட்டர், அளந்து வைத்திருப்பார்கள். காட்டில் பாதை எங்கே போகிறதோ அதுதான் தூரம். 20-ஆகவும் இருக்கும், 22.5-ஆகவும் இருக்கும். மரங்களுக்கு அடியில் கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். "கடிகாரம் 21 காட்டுகிறது, முடிவுக்கோட்டை எங்கே காணோம்" என்று கடைசி மேட்டில் நின்று கோபப்படுபவரை ஒவ்வொரு பந்தயத்திலும் பார்க்கலாம். முதல் தடவை அந்த ஆள் நான்தான்.

அதனால் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அதே உழைப்புக்கு ஒரு கிலோமீட்டர் 12 நிமிடம் எடுக்கும், அடுத்தது 5 நிமிடத்தில் முடியும். மூச்சைக் கவனியுங்கள், அதுவே அளவுகோல். முதல் பாதியில் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

சரி, பயிற்சி. பலரும் தவறு செய்யும் இடம் இது. டிரெயில் என்றதும் மேடு ஏறும் பயிற்சியில் போய் விழுவார்கள். ஏற்றம் யாரையும் ஏமாற்றுவதில்லை. மூச்சு வாங்கும், வேகம் குறையும், நடப்பீர்கள், உச்சி வந்துவிடும். முதல் டிரெயில் பந்தயத்தில் ஆளைக் கவிழ்ப்பது இறக்கம்.

காரணம் தசையில் இருக்கிறது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும், ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிற மாதிரி. சுருங்கும் வேலையைவிட இப்படி நீண்டபடி தாங்கும் வேலைதான் தசை இழைகளை அதிகம் கிழிக்கும். நுரையீரலுக்குச் சுகமாக இருப்பதால் அப்போது ஒன்றும் தெரியாது. பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு சின்ன இறக்கத்தில் தொடை வெடவெடவென்று நடுங்க ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். பிறகு சமதளத்தில்கூட ஓட வராது.

நல்ல செய்தி, உடம்பு இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு நல்ல இறக்கப் பயிற்சி போதும், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை தரும் சேதமும் வலியும் கணிசமாகக் குறையும். அதனால் வாரம் ஒரு நாள் இறக்கத்துக்கென்று ஒதுக்குங்கள். முதல் தடவை மொத்தம் 150 மீட்டர் இறங்கினால் போதும், மெதுவாகக் கூட்டி 500 வரை கொண்டுபோங்கள். கடைசிக் கடின இறக்கம் பந்தயத்துக்குப் பத்து, பன்னிரண்டு நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்கப்புறம் செய்தால் வலியைத்தான் தொடக்கக் கோட்டுக்கு எடுத்துப் போவீர்கள். பக்கத்தில் மேடே இல்லை என்றால் மாடிப்படி இருக்கிறது. ஏறுவதை நிதானமாக, இறங்குவதைக் கவனமாக, கைப்பிடியைத் தொடாமல். டிரெட்மில்லில் சரிவு வைத்து ஏற்றத்தைப் பழகிவிடலாம், இறக்கத்துக்கு அது பெரும்பாலும் உதவாது.

வாரத்தின் நீண்ட ஓட்டத்தைத் தூரத்தால் அளக்காமல் நேரத்தால் அளங்கள். ஒன்றரை மணியில் தொடங்கி, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு இரண்டரை, இரண்டே முக்கால் மணி வரை போனால் போதும், மூன்று மணியைப் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அதில் நடப்பதும் அடக்கம். வாரத்தில் இன்னொரு நாள் சாலையில் கொஞ்சம் வேகமான ஓட்டம், மற்றவை சும்மா லேசாக. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். சிரிப்பாகத் தெரியும், ஆனால் கணுக்காலைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்ன தசைகள் அப்படித்தான் விழித்துக்கொள்கின்றன. காட்டில் கால் பிசகும் அரை விநாடியில் யோசிக்க நேரமில்லை, அவைதான் காப்பாற்ற வேண்டும்.

நடப்பதையும் பழகுங்கள் என்கிறேன், கேலி இல்லை. செங்குத்தான மேட்டில் ஒரே வேகத்தில் போகும்போது ஓடுவதைவிட நடப்பது குறைந்த சக்தியில் முடிந்துவிடும். உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக. முன்னால் போகிறவர் ஓடிக்கொண்டிருப்பார், நீங்கள் நடந்துகொண்டிருப்பீர்கள், இடைவெளி மட்டும் மாறாது. உச்சியில் அவருக்கு மூச்சு இரைக்கும், நீங்கள் ஓடத் தொடங்குவீர்கள்.

இனி இலையுதிர் காலம். ஓடுவதற்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது என்பேன். நீண்ட தூரத்துக்கு உடம்பு விரும்புவது சுமார் 10 டிகிரி குளிர், அது இந்தப் பருவத்தில் கிடைக்கும். கோடை வெயிலில் ஓடிச் சேர்த்த பலனும் உடம்பில் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆனால் காட்டுத் தரையைப் பொறுத்தவரை இதுவே மிகத் திருட்டுத்தனமான பருவம்.

இலை எங்கே சேரும் என்று யோசித்துப் பாருங்கள். காற்று அடித்துக்கொண்டுவரும், பள்ளத்தில் தங்கும். ஆக, எங்கே இலை ஆழமாக, மெத்தை மாதிரி அழகாகக் கிடக்கிறதோ அங்கே அடியில் குழி இருக்க வாய்ப்பு அதிகம். பாதையின் நடுவில் தண்ணீர் ஓடி அரித்த வாய்க்கால், இறக்கத்தின் அடிவாரம், வளைவின் உள்பக்கம், இவையெல்லாம் இலைக் கிடங்குகள். மேடான ஓரத்தில் இலை மெலிசாக இருக்கும், மண் தெரியும், கால் அங்கே போகட்டும். முன்னால் பலர் ஓடியிருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் மிதித்த இடத்தில் இலை நசுங்கிக் கறுத்து ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் இருக்கும் குழியை யாராவது ஏற்கெனவே கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார்கள்.

காய்ந்த இலை மறைக்கும், நனைந்த இலை வழுக்கும். நனைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இலைகளின்மேல் கால் வைத்தால், மேல் அடுக்கு உங்கள் ஷூவோடு ஒட்டிக்கொண்டு கீழ் அடுக்கின்மேல் சறுக்கும். ஷூ எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இதற்கு மருந்து இல்லை. வேகத்தைக் குறைத்து, அடியைச் சுருக்கி, பாதம் முழுவதும் பதியுமாறு, உடம்பின் நேர்கீழே வைக்க வேண்டும். எட்டி வைக்கும் அடிதான் வழுக்கும்.

வேர்கள் தனி ஜாதி. பாதைக்குக் குறுக்கே ஓடும் வேரில் பலர் மிதித்து மிதித்துப் பட்டை போயிருக்கும், நனைந்தால் சோப்பு மாதிரி. அதிலும் நேர்க்குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கிடக்கும் வேர் மோசம், காலைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். வேரின்மேல் மிதிக்காதீர்கள், தாண்டுங்கள்.

மரப்பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, என் இடது முழங்கையில் அதன் தழும்பு இருக்கிறது. ஓடையின்மேல் ஐந்தாறு பலகை போட்ட சின்னப் பாலம். காலை வெயில் பட்ட இடமெல்லாம் காய்ந்திருந்தது, பாலம் மட்டும் நிழலில். அதன்மேல் மஞ்சள் இலை நாலைந்து, ஒட்டிவைத்த ஸ்டாம்ப் மாதிரி. நான் பாலத்தை ஒழுங்காகத்தான் கடந்தேன். தப்பு எங்கே என்றால், கடைசிப் பலகையில் கால் இருக்கும்போதே வலது பக்கம் திரும்பப் பார்த்தேன், பாதை அங்கேதான் வளைகிறது. கால் ஓடைப்பக்கம் போனது, நான் கைப்பிடிக் கட்டைப்பக்கம் போனேன். ஈரப் பலகையின்மேல் திரும்பக் கூடாது, பிரேக் போடக் கூடாது, வேகம் கூட்டவும் கூடாது. ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராகப் போய், மண்ணில் கால் பட்ட பிறகு திரும்புங்கள். குளிர் அதிகமான காலையில் அதே பலகையில் மெல்லிய பனிப்படலம் இருக்கும், கண்ணுக்கே தெரியாது.

வெளிச்சமும் மாறும். சூரியன் தாழ்வாக இருப்பதால் மரங்களுக்கு நடுவே வெளிச்சமும் நிழலும் பட்டை பட்டையாக விழும். கல்லா நிழலா என்று கண்ணால் பிரிக்க முடியாது. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், முன்பக்கம் நீட்டிய தொப்பி போதும். சமபகலிரவை ஒட்டிய வாரங்களில்தான் பகல் மிக வேகமாகச் சுருங்கும். 45 டிகிரி அட்சரேகையில் அது நாளொன்றுக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல். மாலையில் பயிற்சி செய்பவராக இருந்தால் முதல் வாரம் வெயிலில் ஓடிய அதே பாதையில் பத்தாவது வாரம் இருட்டில் நிற்பீர்கள். நெற்றி விளக்கு ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். இலை விழுந்த பிறகு பழகிய பாதையே அடையாளம் மாறிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் கனமாகவே பேச வேண்டும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. திடீரென்று ஆலங்கட்டி, மழை, சூறைக்காற்று. மெல்லிய சட்டையும் அரைக்கால் சட்டையுமாக உயரத்தில் மாட்டிக்கொண்டவர்களில் 21 பேர் உடல்சூடு இழந்து இறந்தார்கள். சீனாவின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரும் அவர்களில் இருந்தார். ஆடு மேய்ப்பவர் ஒருவர் தான் தங்கியிருந்த குகைக்குள் கொண்டுபோய் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். உங்கள் பந்தயம் அவ்வளவு உயரமும் இல்லை, நீளமும் இல்லை. ஆனால் வழிமுறை ஒன்றுதான்: ஈரம், காற்று, அதோடு ஓட முடியாமல் நிற்பது. ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பே அடுப்பு. கணுக்கால் பிசகி உட்கார்ந்த மறுநிமிடம் அந்த அடுப்பு அணைகிறது. உதவி வர ஒரு மணி நேரம் ஆகலாம்.

அதனால் ஏற்பாட்டாளர் கட்டாயம் என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மூன்று பொருள் பையில் இருக்கட்டும்: மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் மழை ஜாக்கெட், வெள்ளிநிற அவசரப் போர்வை, விசில். மலையில் ஆபத்து என்று அறிவிக்க நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும், ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். பதிலாக மூன்று ஊதல் கேட்டால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். கைப்பேசியும்தான் எடுத்துப் போவீர்கள், ஆனால் பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறரை டிகிரி அளவுக்குக் குறையும், அடிவாரத்தில் பார்த்த வானிலை உச்சிக்குப் பொருந்தாது.

உடை எளிது. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டு காயவே காயாது. தொடக்கக் கோட்டில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும், இதமாக இருந்தால் ஒரு சட்டை அதிகம் போட்டிருக்கிறீர்கள். கையுறை மட்டும் கட்டாயம். விறைத்த விரலால், ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைக் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்து, பாதியைத் தாடையில் பூசிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஷூ கேள்விக்கு வருகிறேன். ஆமாம், வாங்குங்கள். சாலை ஷூவின் அடிப்பாகம் காய்ந்த மண்பாதையில் தாக்குப்பிடிக்கும், ஈர இலையிலும் சேற்றிலும் நிற்காது. 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை அடிப்பற்கள் இருந்தால் பெரும்பாலான பாதைக்குப் போதும். சேறு அதிகம் என்றால் 6, பற்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொண்டு சப்பாத்திக் கட்டை மாதிரி ஆகிவிடும். தண்ணீர் புகாத ஷூ என்று விற்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கணுக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே போகத்தான் போகும், போனது வெளியே வராது. இறக்கத்தில் பாதம் முன்னால் நழுவும் என்பதால் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். பந்தயத்துக்கு முன் ஐம்பது கிலோமீட்டராவது அதில் ஓடியிருக்க வேண்டும், ஒரு தடவையாவது நனைந்த காலுறையோடு.

பந்தய நாளில் ஒரு பொறி உண்டு. தொடக்கம் அகலமான வழியில் இருக்கும், அரைக் கிலோமீட்டரில் ஒற்றையடிப் பாதையாகக் குறுகும். அதற்குள் முன்னால் போய்விட வேண்டும் என்று எல்லோரும் பறப்பார்கள். நடுவில் நின்று தொடங்குங்கள். மிகப் பின்னால் நின்றால் குறுகலில் வரிசையில் காத்திருந்து குளிர்ந்துபோவீர்கள், முன்னால் நின்றால் பின்னால் வருகிறவர்களின் மூச்சு கழுத்தில் பட்டு உங்கள் வேகம் உங்கள் கையில் இருக்காது. யாராவது முந்த வேண்டும் என்றால் குரல் கொடுப்பார்கள், பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்குங்கள். உடனே புதருக்குள் குதிக்க வேண்டியதில்லை.

இறக்கத்தில் பின்னால் சாயாதீர்கள். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் போகும், குதிகால் முன்னால் குத்தும், வழுக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கைகளைச் சமநிலைக்காக அகல விரித்து, வேகமான குட்டி அடிகளாக இறங்குங்கள். பார்வை மூன்று, நாலு மீட்டர் முன்னால் இருக்கட்டும். இப்போது கால் வைக்கும் இடத்தைப் பார்த்தால் தாமதம், அந்த முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. வியப்பான ஒரு விஷயம்: ஓடுவதற்கு மிகக் குறைந்த சக்தி செலவாவது சமதளத்தில் இல்லை, நூற்றுக்கு இருபது அளவிலான, அதாவது 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்கும் சரிவில். இத்தாலிய ஆய்வாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் 2002-இல் அளந்து காட்டியது இது. அதைவிடச் செங்குத்தானால் பிரேக் போடும் செலவு மறுபடியும் ஏறத் தொடங்கும். ஆகவே மிதமான இறக்கத்தில் தாராளமாக ஓடவிடுங்கள், செங்குத்தில் நேரத்தைத் தியாகம் செய்யுங்கள்.

சாப்பாட்டைச் சாலை பந்தயம் மாதிரி நினைக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கியது மூன்று மணிக்குத் தாங்காது. மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அரை மணிக்கு ஒரு தடவை பிரித்து. ஏற்றத்தில் நடக்கும்போது சாப்பிடுங்கள், அங்கே கையும் வாயும் சும்மாதான் இருக்கின்றன. குளிரில் தாகம் தெரியாது, அதற்காக வலுக்கட்டாயமாகக் குடித்துத் தள்ளவும் வேண்டாம். அரை லிட்டர் கையில் இருந்தால் வழியில் இருக்கும் தண்ணீர் நிலையங்களில் நிரப்பிக்கொள்ளலாம். பல பந்தயங்களில் காகிதக் கோப்பை தர மாட்டார்கள், மடிக்கும் கோப்பை ஒன்றைச் சொந்தமாக எடுத்துப் போங்கள்.

வழி தவறுவது பற்றி ஒரு வரி. பாதை அடையாள ரிப்பனும் மஞ்சளாக, இலையும் மஞ்சளாக இருந்தால் சங்கடம்தான். மூன்று நிமிடமாக எந்த அடையாளமும் கண்ணில் படவில்லை என்றால் முன்னால் போகிறவரை நம்பித் தொடராமல், கடைசியாகப் பார்த்த ரிப்பனுக்குத் திரும்புங்கள். அவரும் உங்கள் காலடிச் சத்தத்தை நம்பித்தான் போய்க்கொண்டிருப்பார்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் பதக்கத்தோடு படம் எடுக்க நின்றுவிடாதீர்கள். முதலில் ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். பத்து நிமிடத்தில் பல் கிட்டித்துப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்றுத் துணியைக் காரில் பூட்டிவைத்துச் சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டு, அந்த நண்பர் இன்னும் பதினேழாவது கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருந்த கதையும் ஒன்று உண்டு. வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, காலுறை விளிம்பு எல்லாவற்றையும் உண்ணிக்காகப் பாருங்கள். பல பகுதிகளில் இலையுதிர் காலத்திலும் அவை சுறுசுறுப்பாகத்தான் இருக்கும், இலைக்குவியல்தான் அவற்றின் வீடு.